கோழிக்கூடும் குடும்பச் சிக்கனமும்

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவியரில் பலர் முகம் சுளிக்கிறார்கள். அது வறுமையின் மறுபெயர் என்றும், கஞ்சத்தனத்தின் தங்கை என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. கஞ்சத்தனம் உள்ளவர் தமக்கும் பிறருக்கும் தேவையானதைக் குறைக்கிறார். சிக்கனமாக வாழ்பவரோ வீணாகப் போவதை மட்டுமே குறைக்கிறார். தேவையானதில் கை வைப்பதில்லை. இந்த வேறுபாட்டை மேடையேறிப் பேசி விளக்குவதைக் காட்டிலும், ஒரு கோழிக்கூட்டைக் கட்டிப் பார்த்தால் எளிதில் விளங்கிவிடும் என்பது என் கருத்து. ஆகவேதான் நம் ஆண்டு மலருக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நகரத்து வீடுகளில் தோட்டம் போடுவதிலும், கொல்லை இருந்தால் நாலு கோழி வளர்ப்பதிலும் மீண்டும் ஆர்வம் பிறந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்களில் பலர் மொட்டை மாடியில் கீரை விதைத்தார்கள்; சிலர் கோழியும் வாங்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் உடனே கடைக்கு ஓடி, வண்ணம் பூசிய கூண்டு ஒன்றை விலை கொடுத்து வாங்கி வந்து வைப்பதுதான் வழி என்று நினைக்க வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது இரண்டு. ஒன்று, கோழிக்கூட்டுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி நாம் வேண்டாமென்று ஒதுக்கியவற்றிலேயே இருக்கிறது. அவற்றைக் கொண்டு நம் கையாலேயே கட்டலாம். மற்றொன்று அதைவிட முக்கியமானது. பலகையில் சிக்கனம் பிடிக்கலாம், ஆணியில் பிடிக்கலாம்; கோழிக்கு வேண்டிய இடத்திலும் காற்றிலும் பாதுகாப்பிலும் பிடிக்கக் கூடாது. நம்முடைய சிக்கனத்துக்குக் கோழி விலை கொடுக்கலாகாது.

நாம் இருக்கும் திருவான்மியூரையே பாருங்கள். ஒரு காலத்தில் இது சென்னைக்குத் தெற்கே தென்னையும் மணலும் மீனவர் குப்பமுமாக இருந்த கடலோரக் கிராமம். ருக்மிணி தேவி அம்மையார் நிறுவிய கலாக்ஷேத்திரா 1962-இல் அடையாற்றிலிருந்து இங்கே வந்தது. பின்னர் தனி வீடுகள் பெருகின. இப்போது அந்தத் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுகின்றன. ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது என்னென்ன வெளிவருகின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? கதவு, ஜன்னல், மரச்சட்டம், மங்களூர் ஓடு, கீல், தாழ்ப்பாள், கம்பி என எத்தனையோ பொருள்கள். அவற்றில் நல்ல மரத்தைப் பழைய மரக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். இரும்பு காயலான் கடைக்குப் போகிறது. ஓரம் உளுத்த பலகை, மூலை உடைந்த கதவு, கைப்பிடி போன ஜன்னல் ஆகியவற்றை மட்டும் யாரும் சீந்துவதில்லை. செங்கல் இடிபாட்டோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

அப்படி ஏற்றப்படும் குப்பை எங்கே போகிறது? தென் சென்னையின் குப்பையெல்லாம் பல்லாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடிக் குப்பைமேடு. நம் ஊரிலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவுதான். அந்தக் குப்பைமேடு எழுந்தது வெறும் பொட்டலில் அன்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். எத்தனையோ நீர்ப்பறவைகள் வந்து தங்கும் அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் உலகு போற்றும் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. அந்தப் பறவைகளின் நிலத்தைத்தான் நாம் குப்பையால் மூடிக்கொண்டு வந்தோம். எறிந்த பொருள் மறைந்து போவதில்லை; நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய்க் கிடக்கிறது. உடைந்த கதவு ஒன்று கோழிக்கூடாக மாறினால் அந்த அளவுக்காவது பள்ளிக்கரணையின் பாரம் குறையும். சிறு துளிதானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம்; சிறு துளிதான் பெருவெள்ளம்.

பழைய பொருளைக் கையாள்வது நம் தகுதிக்குக் குறைவு என்று கருதுவோர் உண்டு. லாரி பேக்கரின் வாழ்க்கையை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவையே தம் நாடாக ஏற்றுத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளையும் ஜன்னல்களையும் தேடிப் பிடித்துத் தாம் கட்டிய வீடுகளில் பொருத்தினார். அதனால் அவர் பெருமை குறையவில்லை. 1990-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. உலகப் போர்க் காலங்களில் செல்வ நாடுகளே இந்த வழிக்கு வந்தன. 1918-வாக்கில் அமெரிக்க வேளாண்மைத் துறை, வீட்டில் உள்ளவர் ஒருவருக்கு இரண்டு கோழி வீதம் கொல்லையில் வளர்க்கும்படி மக்களைச் சுவரொட்டி ஒட்டிக் கேட்டுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆளுக்கு வாரம் ஒரு முட்டைதான் பங்கீடு. அந்த ஒரு முட்டையையும் வேண்டாமென்று விட்டுக்கொடுத்த குடும்பங்களுக்கு அரசு கோழித்தீவனம் அளித்தது. அதனுடன் உருளைக்கிழங்குத் தோலையும் காய்கறிக் கழிவையும் வேகவைத்துக் கலந்து அவர்கள் கோழி வளர்த்தார்கள். மரம் வாங்கக் கட்டுப்பாடு இருந்ததால், கைக்குக் கிடைத்த பழைய பெட்டியும் பலகையுமே கூடுகளாயின.

ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேர் பசியாறிய பிறகு, மிஞ்சிய துண்டுகளையும் வீணாக்காமல் சேர்த்து வைக்கும்படி நம் ஆண்டவர் சீடர்களிடம் சொன்னதை நற்செய்தியில் படிக்கிறோம். இல்லாதவர் மிச்சம் பிடிப்பதில் வியப்பில்லை. எல்லாரும் வயிறார உண்ட பிறகு, இனித் தேவையே இல்லை என்று தோன்றும் வேளையில் சேர்க்கச் சொன்னார் என்பதைத்தான் நாம் நினைவில் கொள்ள வேண்டும். வசதி வந்த பிறகும் வீணாக்காமல் இருப்பதே உண்மையான சிக்கனம்.

இனிக் கூட்டைக் கட்டும் முறைக்கு வருவோம். பகலில் கொல்லையில் மேய்ந்துவிட்டு இரவில் அடையும் நாலு கோழிகளுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள கூடு போதும். கணக்குப் பார்த்தால் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி. இதற்குக் குறையக் கூடாது. பழைய கதவு ஒன்றை அறுத்தால் கூட்டின் தரைக்கும் ஒரு பக்கச் சுவருக்கும் பலகை கிடைத்துவிடும். கூட்டைத் தரையில் வைக்காமல் 2 அடி உயரக் கால்களின் மேல் நிறுத்த வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் கண்ட நமக்கு இதன் காரணத்தைச் சொல்லவே தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆகவே வடக்கையும் கிழக்கையும் பலகையால் அடைத்துவிட்டுத் தெற்குப் பக்கத்தைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். மேற்கு வெயில் படாமல் ஒரு மரத்தின் நிழலோ வீட்டின் நிழலோ விழும்படி இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரைக்குத் தகரம் மட்டும் போட்டால் கத்திரி வெயிலில் கூடு அடுப்பாகிவிடும். தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டினால் சூடு இறங்காது. மங்களூர் ஓடு கிடைத்தால் இன்னும் நல்லது. தரையில் மரத்தூளோ உமியோ கடலைத்தோலோ மூன்று அங்குலம் பரப்பி, ஈரமானால் மாற்ற வேண்டும். கோழி இரவில் தரையில் படுக்க விரும்புவதில்லை. ஏதாவது ஒரு கட்டையில் ஏறி உட்காரவே விரும்பும். புயலில் ஒடிந்து விழுந்த மரக்கிளை ஒன்றைச் சீவி, உள்ளே குறுக்காகப் பொருத்தினால் போதும். கோழி ஒன்றுக்கு 8 அங்குலம் இடம் வேண்டும். முட்டையிடுவதற்கு ஓரடிச் சதுரமான பழப்பெட்டி ஒன்றில் வைக்கோல் போட்டு, கூட்டின் இருண்ட மூலையில் வைத்துவிடுங்கள். நாலு கோழியும் அந்த ஒரே பெட்டியில்தான் முறை வைத்து இடும்.

புதிதாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அதில் சிக்கனம் கூடாது. அது கம்பிவலை. கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, கீரிப்பிள்ளையும் பெருச்சாளியும் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையே வேண்டும். கூட்டின் கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். நம் ஊரின் உப்புக்காற்று கம்பியையும் ஆணியையும் விரைவில் அரித்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்பாக ஆண்டுதோறும் வலையை விரலால் அழுத்திப் பார்த்து, துருவேறிய பகுதியை மாற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட கூட்டில் ஒரே ஓர் இரவில் அத்தனை கோழியும் செத்துக் கிடக்கும்.

கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தலாம் என்றும் எண்ணிவிடாதீர்கள். பழைய பொருள்களில் விஷமுள்ளவையும் உண்டு. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட கதவுகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உரிந்து விழும் பூச்சைக் கோழி கொத்தித் தின்றால் ஈயம் முட்டைக்குள் வரும். முட்டையிலிருந்து குழந்தையின் உடலுக்கு வரும். ஆதலால் பூச்சு உரிந்த பலகையை ஒதுக்கிவிட்டு, பூசாத மரத்தையே தேர்ந்தெடுங்கள். பூச்சை உலர்வாகத் தேய்த்து எடுக்க முயன்றால் அந்தத் தூளை நாமே சுவாசிப்போம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் நார்த்தூள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். இரசாயனம் ஏற்றிய மரமும், மருந்து வந்த பீப்பாயும் வேண்டவே வேண்டாம். பழைய ஆணியைக் குறடால் பிடுங்கிச் சுத்தியலால் நிமிர்த்திப் பயன்படுத்தலாம்; ஆனால் அந்த வேலைக்கு முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தபடியாகக் கணக்கு. கோழி வளர்த்தால் முட்டைச் செலவு மிச்சம் என்று பலர் சொல்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவோம். நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். சராசரி 70 என்று கொண்டால் நாலு கோழிக்கு 280. மாதத்துக்கு 23 முட்டை. கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் தீவனம் தின்னும். நாலு கோழிக்கு மாதம் 12 கிலோ. அப்படியானால் ஒரு முட்டைக்கு அரைக் கிலோ தீவனம்! நாமக்கல் பண்ணைக் கோழியோ ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அங்கே ஒரு முட்டைக்கு 150 கிராம் தீவனம்கூட ஆவதில்லை. ஆகவே கூண்டையும் விலைக்கு வாங்கி, தீவனத்தையும் முழுக்க விலைக்கு வாங்கினால், நம் வீட்டு முட்டை கடை முட்டையைவிட விலை கூடியதாகத்தான் இருக்கும். இதை மறைத்துப் பேசுவது நியாயமன்று.

அப்படியானால் சிக்கனம் எங்கே இருக்கிறது? கூடு பழைய பொருளில் அமைய வேண்டும். தீவனத்தில் ஒரு பங்காவது சமையலறையிலிருந்தும் கொல்லையிலிருந்தும் வர வேண்டும். கீரைத்தண்டு, காய்கறித் தோல், அரிசி புடைத்த நொய், மிஞ்சிய சோறு, கொல்லையில் கிடைக்கும் புழுவும் பூச்சியும் கோழிக்கு நல்ல உணவு. முட்டை ஓடு கெட்டியாக இருப்பதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்கு நம் கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சலில் ஒரு கைப்பிடி எடுத்து, உப்புப் போகக் கழுவி, நொறுக்கி வைத்தால் போதும். கோழி எருவை இலைச்சருகோடு மக்கவைத்தால் தோட்டத்துக்கு உரம். ஒரு வீட்டிலிருந்து அன்றாடம் வெளியே போகும் ஈரக் குப்பையில் ஒரு பகுதி இவ்வாறு முட்டையாகவும் கீரையாகவும் வீட்டுக்கே திரும்பி வருகிறது. இதைத்தான் நான் லாபம் என்று எழுதிக்கொள்வேன்.

இங்கும் ஓர் எல்லை உண்டு. மிச்சம் வேறு, கெட்டுப்போனது வேறு. பூசணம் பிடித்த சோற்றையும், பூத்துப்போன கடலையையும், வீணாகிறதே என்று கோழிக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, தீவனத்தில் சேர்த்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணமே காரணம் என்று தெரிந்தது. அப்ளாடாக்சின் என்னும் நஞ்சை விஞ்ஞானிகள் கண்டறிந்தது அந்தச் சம்பவத்தினால்தான். நாம் தின்னத் தகாதபடி கெட்டுப்போனது கோழிக்கும் தகாது.

நோய்த் தடுப்பிலும் சிக்கனம் பார்க்கலாகாது. வெள்ளைக்கழிச்சல் என்று நம் மக்கள் அஞ்சும் ராணிக்கெட் நோய் வந்தால் கூட்டோடு கோழிகளைக் கொண்டுபோய்விடும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டுமருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையின் கீழ் ஊசி என்று தடுப்பு முறை இருக்கிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். இந்தத் துறையில் நம் நகரமே ஒரு பல்கலைக்கழகம் எனலாம். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இலிருந்து இயங்கி வருகிறது. நாம் பேருந்தில் கடந்து போகும் நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையத்தில்தான், புழக்கடையில் வளர்ப்பதற்கென்றே ‘நந்தனம் கோழி’ உருவாக்கப்பட்டது. அந்த நிலையம் இப்போது மாதவரத்தில் இருக்கிறது. நந்தனத்தின் பெயரை மட்டும் கோழி ஊர் ஊராகச் சுமந்து கொண்டிருக்கிறது. 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் முதன்முதலாகத் தலைகாட்டிய பறவைக் காய்ச்சல் அவ்வப்போது நம் நாட்டில் திரும்பி வருவதால், கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதையும், இறந்த கோழியைத் தெருவில் எறியாமல் மருந்தகத்துக்குத் தெரிவிப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒன்றை இப்போது சொல்கிறேன். கலாக்ஷேத்திராவை நிறுவியவர் என்று நாம் போற்றும் ருக்மிணி தேவி அம்மையார் நடனத்துக்காக மட்டும் வாழ்ந்தவர் அல்லர். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், வாயில்லா உயிர்களை வதைப்பதைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். அந்த முயற்சியின் பயனாகவே 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018-இல் ஹரியானாவுக்கு மாற்றப்படும் வரை அந்த வாரியத்தின் தலைமையகம் நம் திருவான்மியூர் வால்மீகி நகரில்தான் இருந்தது. நாடு முழுவதற்குமான பிராணிகள் நலத்தைக் கவனித்த அலுவலகம் நம் தெருக்களில் ஒன்றில் இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஓர் உயிர் நியாயமாக அசைந்து நடமாட முடியாத அளவுக்கு உயரமும் நீளமும் அகலமும் குறைந்த கூண்டில் அதை அடைப்பது குற்றம். கோழியின் கால்களைக் கட்டிச் சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்துப் போவதும், துன்பம் தரும்படி உயிர்களைக் கொண்டு செல்லும் குற்றமே. ஆயினும் பெரும் பண்ணைகளில், பள்ளிக்கூடத்துத் தாள் ஒன்றின் பரப்புக்கும் குறைவான இடத்தில், சிறகை விரிக்கவும் முடியாமல் கோழிகள் வாழ்நாளைக் கழிக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் அப்படிப்பட்ட வெறுங் கம்பிக்கூண்டுகளை 2012 முதல் தடை செய்துவிட்டன. நம் நாட்டின் சட்ட ஆணையமும் 2017-இல் கோழிகளின் இருப்பிடம் குறித்துத் தனி அறிக்கையே அளித்தது. மலிவான முட்டைக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். அந்த யாரோ கோழிதான். கொல்லையில் கூடு கட்டும் நாமும், இடம் மிச்சம் என்று ஓரடிப் பெட்டியில் நாலு கோழியை அடைத்தால், பண்ணையைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

சில பெற்றோர் கேட்கக்கூடும்: பெண் குழந்தைகள் கையில் ரம்பமும் சுத்தியலும் எதற்கு? தையலும் பூவேலையும் போதாதா? தையல் வேண்டியதுதான். ஆனால் தன் வீட்டுக் கதவின் கீலை மாற்றத் தெரியாத பெண், சின்ன வேலைக்கும் பிறர் வருகைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அளந்து கோடு போடுவதும், கோட்டின் மேல் நேராக அறுப்பதும், அறுத்த இரண்டு பலகைகள் பொருந்தவில்லையென்றால் ஏன் என்று யோசிப்பதும் கணிதப் பாடம்தான். நாசரேத்தில் சூசையப்பரின் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவரை வணங்கும் நாம், உளியையும் இழைப்புளியையும் தாழ்வாக எண்ணலாமா? இக்காலத்தில் நம் மாணவியர் பொறியியலும் கட்டடக் கலையும் படிக்கப் போகிறார்கள். அதற்கு முதற்படி ஒரு கோழிக்கூடாக இருப்பதில் தவறில்லை.

அடுக்குமாடியில் இருக்கிறோம், கொல்லைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில்: இடமில்லாத வீட்டில் கோழி வளர்க்க வேண்டாம். பால்கனியில் கூண்டை வைத்துவிட்டு அதை வளர்ப்பு என்று சொல்லாதீர்கள். இடம் உள்ளவர்களும் மாநகராட்சி விதியை விசாரித்துக்கொண்டு, அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறை. விடியற்காலையில் சேவல் கூவுகிறதே என்ற சச்சரவுக்கு எளிய வழி உண்டு. கோழி முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் தேவை. முட்டை உண்ணாத குடும்பத்தினர் இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்கலாம். பழைய பலகையில் நாய்க்கு வீடும் செடிக்குத் தொட்டியும் கட்டலாம். அங்கும் இதே விதிதான்.

இந்நிலையில், கொல்லை இல்லாத குழந்தைகளுக்காகப் பள்ளி வளாகத்தில் ஒரு கூடு இருந்தால் நல்லது என்பது என் விண்ணப்பம். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் தத்தம் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழைய பொருள் கொண்டு வந்து கட்டட்டும். ஆனால் முதல் பலகையை அறுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும். ஏப்ரல், மே விடுமுறையில் யார் தண்ணீர் வைப்பார்கள்? ஞாயிறு மாலையில் யார் கூட்டைச் சாத்துவார்கள்? முட்டையிடுவது நின்றுபோன கிழக்கோழியை என்ன செய்வோம்? கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் வழக்கப்படி விடை காணலாம். ஆனால் தெருவில் கொண்டுபோய் விடுவது மட்டும் விடையாகாது. இந்த மூன்றுக்கும் பெயர் போட்டுப் பட்டியல் தயாரிக்க முடியவில்லையென்றால் கூடு கட்டாமல் இருப்பதே மேல். ஆர்வத்தில் தொடங்கி அலுப்பில் கைவிடப்படும் கூடு, உயிருள்ள ஒன்றுக்குச் சிறையாகிவிடும்.

பெற்றோரே, உங்கள் மகள் உடைந்த ஜன்னல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், குப்பையை ஏன் உள்ளே கொண்டு வருகிறாய் என்று உடனே கடிந்துகொள்ளாதீர்கள். என்ன செய்யப் போகிறாய் என்று ஒருமுறை கேளுங்கள். மாணவியரே, அந்தக் கேள்விக்கு உங்களிடம் அளவோடு வரைந்த படம் ஒன்று விடையாக இருக்கட்டும். வீணானதைச் சேர்க்கும் கண்ணும், வேண்டியதைக் குறைக்காத மனமும் ஒன்றாகச் சேர்ந்தால் அதுவே சிக்கனம். இவ்விரண்டையும் ஒரு கோழிக்கூட்டில் கற்றுக்கொண்டவள், நாளை ஒரு குடும்பத்தை நடத்தினாலும் ஓர் அலுவலகத்தை நடத்தினாலும், செலவைக் குறைக்கும்போது அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.